ரெயில்ஸின் டு-பாராம்: எண்ணுக்குக் கெட்டி, தமிழ்த் தலைப்புக்குக் கைவிரிப்பு

சிறு பதிப்பகம் ஒன்றின் விற்பனைத் தளத்தை ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையதளம் கட்டும் சட்டகம்) நடத்திவருகிறேன். புத்தகத்துக்கு இணைப்பு வேண்டுமானால் நிரலில் அந்தப் புத்தகப் பொருளையே (ஆப்ஜெக்ட்) கொடுத்துவிடலாம். தரவுத்தளத்தில் அதற்குள்ள எண்ணைத் தேடி எடுத்துத் தர வேண்டியதில்லை. 2010இல் ரெயில்ஸின் மூன்றாம் பதிப்போடு வந்த ஆக்டிவ் மாடல் என்ற நூலகத்தில் கன்வர்ஷன் என்றொரு குட்டித் தொகுதி உண்டு. இது அதன் கைங்கரியம்.

அதில் உள்ள டு-கீ என்ற செயல்முறை முதன்மைச் சாவியை, அதாவது புத்தகத்தின் எண்ணை, அரேயாக (பட்டியலாக) தரும். 42ஆம் எண் புத்தகத்துக்குப் பக்கத்தில் எச்டிஎம்எல் ஐடி 'புக்_42' என்று அமைவது அதனால்தான். டு-பாராம் என்ற இன்னொன்று அந்தச் சாவியை யூஆர்எல்லில் (இணைய முகவரியில்) வைக்கத் தக்க சரமாக்கும். இன்னும் சேமிக்காத புத்தகத்துக்கு அது வெறுமையையே (நில்) தரும்; அதனால் புக்-பாத்திடம் அதன் முகவரி கேட்டால் ரெயில்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

தலைப்பையும் முகவரியில் சேர்க்க நினைத்தால்தான் வம்பு. மாடலில் (புத்தகத் தரவைக் கையாளும் நிரல்) டு-பாராமுக்குத் தலைப்பைச் சுட்டி ஒரு வரி எழுதினால், எண்ணோடு தலைப்பும் 20 எழுத்துக்குள் வெட்டி ஒட்டப்படும். ஆங்கில நூல்களுக்கு அழகாகவே வருகிறது. ஆனால் தலைப்பை முகவரிக்கு ஏற்றபடி மாற்ற உள்ளே இருக்கும் பாராமீட்டரைஸ் என்ற செயல்முறை ஆங்கில எழுத்து, எண், ஓரிரு குறிகள் தவிர எதையும் விட்டுவைக்காது. முழுத் தமிழ்த் தலைப்பு வெற்றுச் சரமாகிவிடும். எச்சரிக்கை கிடையாது, வெறும் 42 வந்து நிற்கும். தமிழ்ப் பதிப்பகத்துக்கு இந்த வசதி இருந்தென்ன, இல்லாமல் என்ன?

தமிழையே முகவரியில் வைக்கலாமே என்பார்கள். 'அம்மா' யூனிகோடில் ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %E0 போன்ற சதவீதக் குறியாக மாறினால் 45 எழுத்து! நீளமான நாவல் தலைப்பு வாட்ஸ்அப்பில் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே டு-பாராமை நானே எழுதிக்கொண்டேன்: எண், சிறு கோடு, ரோமன் எழுத்தில் பதிப்பாசிரியர் தரும் சுருக்கப் பெயர். பதிவைத் தேடித் தரும் ஃபைண்ட் முன்னால் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால் கன்ட்ரோலரில் (கோரிக்கைக்குப் பதில் தரும் நிரலில்) ஒரு வரிகூட மாறவில்லை. சுருக்கப் பெயரைத் திருத்தினாலும் பழைய இணைப்பு உடைவதில்லை. எண்ணுக்குப் பதில் யூயூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம்) சாவி வைத்திருப்பவர்களுக்கு இது பலிக்காது.

எண்ணே வெளியில் தெரியக் கூடாது என்பவர்கள் ஃப்ரெண்ட்லி ஐடி என்ற ஜெம்மை (ரூபிக்கான கூடுதல் நிரல் தொகுப்பு) நாடலாம். பழைய முகவரிகளை நினைவில் வைக்கும் ஹிஸ்டரி வசதி அதில் உண்டு. ஆனால் அதுவும் இயல்பாக அதே பாராமீட்டரைஸைத்தான் கூப்பிடுகிறது. தமிழுக்கான மாற்று வழியை அங்கேயும் நீங்கள்தான் எழுத வேண்டும்.