குளிர்கால கோபுர வேலைக்கு வாடகை பூம் லிஃப்ட்: ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்துப் பார்த்தது

ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோயில் கோபுர வேலை என்றால் குளிர்காலம்தான் வசதி. இங்கே கோடையான நவம்பர் முதல் பிப்ரவரி வரை மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உயரத்தில் இரும்புக் கூடைக்குள் ஆளை நிறுத்துகிற காலம் அதல்ல. குளிர்காலமான ஜூன், ஜூலையில் மழை கிடையாது, நாள் முழுக்க வெயில். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் இது. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். 2023 ஜூலை 10 அன்று நகரத்துக்குள்ளேயே பனி கொட்டியது. பூம் லிஃப்ட், அதாவது நீளும் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடையைத் தூக்கும் இயந்திரம், எடுக்கிறவர்கள் வாடகையையும் உயரத்தையும் மட்டும் கேட்கிறார்கள். காலை ஏழு மணிக் குளிரில் அந்த இயந்திரத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு வாடகை நிறுவனத்தை நான் எடைபோடுவேன்.

ஜோகன்னஸ்பர்க்கின் தென்மேற்கே உள்ள லெனேசியா பக்கம் ஒரு முருகன் கோயிலில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசும் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் மேலே, மேற்பார்வை நான். முழுக் கோபுரத்துக்கும் சாரம் கட்டினால் பக்தர்கள் வாசல் வழியாகப் போய்வர முடியாது, செலவும் அதிகம். அதனால் நகரத்தின் கிழக்குப் பக்கம் உள்ள ஒரு நிறுவனத்தில் ஜேஎல்ஜி கம்பெனியின் இ450ஏஜே மாடல் லிஃப்ட் எடுத்தோம். பேட்டரியில் ஓடும், கைபோல் மடங்கி நீளும் பூம். கூடையின் தரை 13.7 மீட்டர் வரை போகும், தாங்கும் எடை 227 கிலோ. டீசல் வண்டியும் வைத்திருந்தார்கள். சன்னிதிக்கு முன்னால் புகையும் சத்தமும் வேண்டாம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

பேட்டரி வண்டி என்றதும் எனக்கு இருந்த கவலை குளிர்தான். இதில் இருப்பது ஈய அமில பேட்டரி. சாதாரண வெப்பத்தில் கொடுக்கிற சக்தியில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான் பூஜ்யம் டிகிரியில் கொடுக்கும். அதைவிட மோசம், தீர்ந்துபோன பேட்டரியை இரவு முழுக்க வெளியில் விடுவது. முழுச் சார்ஜில் இருந்தால் உள்ளே இருக்கிற அமிலம் இந்த நாட்டுக் குளிரில் உறையவே உறையாது. காலியாக இருந்தால் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான், மைனஸ் எட்டு டிகிரி பக்கத்திலேயே உறைந்து பேட்டரிப் பெட்டியைப் பிளந்துவிடும். லெனேசியாவில் அவ்வளவு இறங்குவது அபூர்வம். குளிர் இன்னும் கடுமையான ஹாரிஸ்மித், அண்டர்பெர்க் ஊர்கள் பக்கம் வேலை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

இதை நான் கேட்பதற்கு முன்பே அந்த நிறுவனத்து மெக்கானிக் சொன்னார். அதுதான் முதலில் எனக்குப் பிடித்தது. சாயங்காலம் வேலை முடிந்த கையோடு, பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுங்கள், காலையில் போடலாம் என்று விடாதீர்கள் என்றார். பேட்டரிக்கு வாலை வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் மூடிய கொட்டகைக்குள் வைக்கக் கூடாது. குளிர்கால மாலைகளில் எங்கள் பகுதியில் கரண்ட் போவது உண்டு என்றேன். அப்படியானால் இரவு படுக்கும் முன் யாராவது சார்ஜர் விளக்கைப் பார்த்துவிட்டுப் படுங்கள் என்று காவலாளியையே கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தார்.

முன்பு வேறொரு இடத்தில் எடுத்தபோது லாரியிலிருந்து இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். சார்ஜ் பாதிதான் இருந்தது. அந்த மாதிரி இடத்தில் குளிர்காலத்தில் எடுக்காதீர்கள்.

இவர்கள் மறுநாள் காலையும் வந்தார்கள். கூடையின் தரைக் கம்பிகள் மேல் உறைபனி படிந்திருந்தது. எங்கள் பையன் ஒருவன் கெட்டிலில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். மெக்கானிக் தடுத்துவிட்டார். ஊற்றிய தண்ணீர் சற்று நேரத்தில் மறுபடி உறைந்து கண்ணாடியாகும், ஒயர் பிளக்குகளுக்குள்ளும் இறங்கும். கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துத் தட்டிவிட்டு, மிச்சத்தை வெயிலுக்கு விடச் சொன்னார். கூடையின் கதவு தானாக மூடிக்கொள்கிறதா, கால் மிதி சுவிட்சுக்கடியில் பனி இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தார். அந்த மிதியை விட்டதும் எல்லா அசைவும் நிற்க வேண்டும். அது சிக்கினால் மற்றது எதுவும் சரியாக இருந்து பயனில்லை.

அப்புறம் ஆயில். பூமை அசைக்கிற ஹைட்ராலிக் ஆயில் குளிரில் கெட்டியாகிவிடும். பூம் மெதுவாக, விட்டு விட்டு நகரும். மேலே ஆள் இருக்கும்போது அந்தக் குலுக்கல் நல்லதல்ல. யாரும் ஏறாமல், கீழே இருக்கிற கண்ட்ரோல் பெட்டியிலிருந்தே பூமை ஏற்றி இறக்கி, இரு பக்கமும் திருப்பி, வேகம் சீராகும் வரை ஓட்டினார். அப்போதே ஆயில் ஓடும் ரப்பர் குழாய்களான ஹோஸ்களையும் பார்த்தார். குளிரில் ரப்பர் விறைக்கும், பழைய ஹோஸில் மடிப்பு விழும் இடத்தில் வெடிப்பு தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் வீணாகிறதே என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார். வீண் இல்லை. சுவர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அக்ரிலிக் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. எப்படியும் ஒன்பதரை மணிக்கு முன்னால் தூரிகையைத் தொட முடியாது. அந்த நேரம் இயந்திரத்துக்குப் போகட்டும்.

எடைக் கணக்கில்தான் நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். இரண்டு பேர், மேலே ஸ்வெட்டர், ஜாக்கெட், பூட்ஸ். அதுவே 170, 180 கிலோவுக்கு வந்துவிடும். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று 25 கிலோவுக்கு மேல். இரண்டாவது வாளி ஏற்றினால் எல்லை தாண்டும். ஒன்றுதான், அதுவும் பாதியாக.

ஆகஸ்ட் காற்று தனி விஷயம். இந்த வகை இயந்திரத்துக்கு வெளியில் அனுமதிக்கிற உச்சக் காற்று வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். தரையில் சாதாரணமாகத் தெரிகிற காற்று கலசத்துப் பக்கம் பலமாக அடிக்கும். மூத்த சிற்பி, “தம்பி, தூசி அடிக்குது, பச்சை வலையைக் கூடையைச் சுத்திக் கட்டிடலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஈர வண்ணத்தில் மண் ஒட்டினால் வேலை கெட்டுவிடும். ஆனால் வலை கட்டினால் கூடை பாய்மரம் ஆகிவிடும், இயந்திரமே சாயலாம். “வேண்டாம்ணே, காத்து அடங்கினதும் ஏறலாம்” என்று இறக்கிவிட்டேன். இந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இங்கேதான்: காற்றளக்கும் கருவி அவர்கள் கொடுப்பதில்லை. கேட்டதற்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் அதையும் வண்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சார்ஜர் ஒயரும் போதவில்லை, கனமான நீட்டிப்பு ஒயர் தனியாகத் தேட வேண்டியிருந்தது.

பயிற்சி நன்றாக இருந்தது. உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை கூடைக்குள் இருக்கிற கொக்கியில் மட்டும், குட்டைக் கயிற்றில் மாட்ட வேண்டும், கோபுரத்தில் எங்கேயும் கட்டக் கூடாது என்று மெக்கானிக் செய்து காட்டினார். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார், நான் தமிழில் சொன்னேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, கீழே நிற்கிற ஆளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தது. மேலே இருப்பவருக்கு மயக்கம் வந்தாலோ, பவர் போனாலோ, அவசர பம்ப்பை வைத்துக் கூடையைக் கீழே கொண்டுவர வேண்டியவர் அவர்தான். அவரையே இறக்கவைத்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். கூடை மேலே இருக்கும்வரை அந்த ஆள் டீக்குக்கூடப் போகக் கூடாது. 2014 கட்டுமான விதிமுறைகளின்படி உயர வேலைக்கு எழுத்தில் பாதுகாப்புத் திட்டமும், ஆட்களுக்கு மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கோயில் வேலைதானே என்று விடவில்லை.

வாடகை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். லெனேசியா வரை ஏற்றி வரும் கூலி தனி. வண்டி ஆறு டன் அளவுக்கு எடை, அதனால் பிராகாரத்தில் கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று முன்பே குறித்து வையுங்கள், இறக்கும்போது கேட்பார்கள். ஜூலைக்கு வேண்டுமென்றால் மே மாதமே சொல்லிவையுங்கள். கடைசியாகப் பார்த்த சர்வீஸ் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், மறுக்காமல் தருகிறார்கள். ராஜகோபுரத்தின் பின்பக்க வேலைக்கு அடுத்த வருஷமும் இவர்களிடமே சொல்லியிருக்கிறோம், காற்றளக்கும் கருவியை நாங்களே வாங்கிவிட்டோம்.