‘பிக்மென்ட்னாலே அப்படித்தான் சார்’: 240 டீஷர்ட்டில் நான் ஏமாந்த கதை

சொந்தமாக டீஷர்ட் போட்டு விற்கலாம் என்று இறங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். சாயம் போட்ட பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், பணத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது பழசாகிப்போன டீஷர்ட்டின் முகம். பிரித்து எடுக்கும்போதே நாலு வருஷம் போட்டுத் துவைத்த மாதிரி இருக்க வேண்டும். அதற்காகத் துணிக்குச் சாயம் ஏற்றாமல், தைத்து முடித்த உடுப்புக்கே பிக்மென்ட் சாயம் போடுவார்கள். சாம்பிள் இரண்டு பீஸ் வந்தது. குறை சொல்ல முடியாது: கழுத்து ரிப்பின் மேட்டில், தோள் தையலில், கீழ் மடிப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிறல், மற்ற இடமெல்லாம் நிறம் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் 240 பீஸ் வெள்ளையாகத் தைத்து அனுப்பினேன். பாதி கருநீலம், பாதி செங்கல் நிறம்.

திரும்பி வந்ததைப் பிரித்தால், நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு. ஒரு பீஸில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே ஒரு கோடு, பிழிந்த துணியை அப்படியே காயப்போட்ட மாதிரி. போன் செய்தேன். “பிக்மென்ட்னாலே அப்படித்தான் சார். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதுதானே இதோட அழகு” என்றார் பட்டறைக்காரர். சந்தேகம் இருந்தது, ஆனால் விற்கவேண்டிய அவசரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வாங்கியவர்களுக்கு நாற்பது பீஸ் போல அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது வாரம் ஒருவர் படம் அனுப்பினார். அவருடைய வெள்ளைத் துணிப்பையின் வார், தோளில் பட்ட இடம் மட்டும், நீலம்.

அப்புறம்தான் இந்தத் தொழிலைப் படிக்க உட்கார்ந்தேன், முன்னாடியே செய்திருக்க வேண்டியது. ரியாக்டிவ் சாயம் பருத்தி நாரோடு வேதியியல் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். பிக்மென்ட் அப்படியில்லை. அது தண்ணீரில் கரையாத நிறத்தூள், பருத்திமேல் அதற்கு எந்த ஒட்டுதலும் கிடையாது. தண்ணீருக்குள் பருத்திக்கும் எதிர்மின்னேற்றம், பிக்மென்ட் கலவைக்கும் பெரும்பாலும் அதுவே, ஆகவே ஒன்றையொன்று தள்ளும். முதலில் கேட்டயானிக் ரசாயனம் ஒன்றை உடுப்பில் ஏற்றி நேர்மின்னேற்றம் கொடுத்தால்தான் தூள் வந்து உட்காரும். உட்கார்ந்ததைப் பிடித்துவைப்பது பைண்டர், சுருக்கமாகச் சொன்னால் பசை. அது படலமாக இறுகுவதற்கு வழக்கமாக 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சில நிமிடம் சூடு காட்ட வேண்டும். க்யூரிங் என்பது இதுதான். நடுவிலோ கடைசியிலோ என்சைம் வாஷ், ஸ்டோன் வாஷ் என்று ஏதாவது ஒன்றில் உரசி எடுப்பார்கள்.

உரசும்போது எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும்: தையல், விளிம்பு, ரிப்பின் மேடு. ஆக, நல்ல வேலையில் வெளிறலுக்கு ஒரு முகவரி உண்டு. சமமான நெஞ்சுப் பகுதியில் திட்டு வர உரசல் காரணமே இல்லை. அந்தக் கேட்டயானிக் ரசாயனத்தை அவசரமாக ஒரே இடத்தில் கொட்டினால் அது முதலில் பட்ட இடம் நிறத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். சாய மெஷினின் டிரம்மில் அளவுக்கு மீறி அடைத்தால் துணி புரளாமல் மடிப்புக் கோடு விழும். இரண்டும் பிசகு, எஃபெக்ட் இல்லை. இதைச் சொன்னபோது பழியை என் துணிமேல் போட்டார். துணியில் சிலிக்கான் சாஃப்ட்னரோ எண்ணெயோ இருந்தால் சாயம் ஏறாமல் புள்ளி விழும் என்பது உண்மைதான். ஆனால் நான் கொடுத்தது சாயத்துக்கென்றே தயார் செய்த ஆர்.எஃப்.டி. துணி.

பையில் சாயம் ஒட்டியதற்கு வருவோம். ஆய்வகத்தில் ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 முறையில், 9 நியூட்டன் அழுத்தத்தில் வெள்ளைத் துணியை 10 தடவை முன்னும் பின்னும் தேய்த்து, ஒட்டிய கறைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், கறையே இல்லையென்றால் 5. அடர்ந்த பிக்மென்ட் நிறத்துக்கு ஈரத் தேய்ப்பில் 5 வராது, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. வீட்டில் கைக்குட்டையை நனைத்து விரலில் சுற்றி, சாம்பிளில் பத்து தடவை தேய்த்தேன்: லேசான சாம்பல் நிழல். வந்த லாட்டில் அதேபோல் தேய்த்தேன்: மை கொட்டிய மாதிரி.

பிறகு ஒரு வேலை செய்தேன். அதே லாட்டில் ஒரு டீஷர்ட்டின் வலது கையை மட்டும், பருத்திக்கான சூட்டில், மேலே ஒரு துணி விரித்து, சில நிமிடம் அயர்ன் செய்தேன். ஆறவிட்டு இரண்டு கையையும் தேய்த்தால், இடது கை நீலத்தைக் கக்குகிறது, வலது கையில் பாதிகூட வரவில்லை. பைண்டர் போட்டிருக்கிறார்கள், சூடுதான் காட்டவில்லை. காய்ந்ததும் டிரையரை நிறுத்தி எரிபொருளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வீடியோவாகவே அனுப்பினேன். “கஸ்டமர் துவைச்ச விதம் தப்பு சார்” என்று பதில் வந்தது. அயர்ன் செய்த அந்த டீஷர்ட் தண்ணீரையே பார்த்ததில்லை.

இனி நான் ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கப்போவது: ஈரத் தேய்ப்பு மதிப்பெண் எத்தனை, எந்தெந்த இடத்தில் வெளிறல் ஏற்பு என்று படத்தோடு, முதல் லோடு என் கைக்கு வந்து சரி சொன்ன பிறகே அடுத்த லோடு. தனியாக ஒரு குட்டி மெஷினில் பாசத்தோடு போட்டுத் தரும் சாம்பிள் எனக்கு வேண்டாம்.

விற்ற பீஸ்களுக்குப் பணத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். மீதி மூட்டையாகக் கிடக்கிறது. போன வாரம் அந்தப் பட்டறை எல்லோருக்கும் அனுப்பும் விளம்பரம் எனக்கும் வந்தது. ‘கிளவுட் வாஷ்’ என்று புதிதாக ஒன்று போடுகிறார்களாம். படத்தில் இருந்தது என் செங்கல் நிற டீஷர்ட், நெஞ்சில் திட்டோடு.