1,500 வெள்ளிக்குள் எந்த லேப்டாப்: வீட்டுப் பழசா, ஆபீஸ் பழசா, கடைப் புதுசா?

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்து கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், கோலாலம்பூரில் பல வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழையது ஒன்று கிடக்கும். புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போனால், நிறுவனங்கள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிடியூட் போன்றவை கிடைக்கும். அதே கட்டடத்தில், அதே காசுக்கு, பெட்டி பிரிக்காத புதுசும் கிடைக்கும். நிறைய பெற்றோர் புதுசையே வாங்குகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நான் சொல்வது ஆபீஸ் பழசு.

புதுசில் என்ன குறை? இந்த விலையில் வருபவை பலவற்றில், கணினியின் மூளையான பிராசசர் இண்டெலின் மலிவு வகைகளான செலரான் அல்லது 'என்' வரிசையாகத்தான் இருக்கும். ராம், அதாவது ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், 4 அல்லது 8 ஜிபி. பல மாடல்களில் அந்த ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட வழியே இல்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பிடமும்தான். அந்த அளவில் கணினி திறக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கூகுள் மீட்டில் வகுப்பு ஓட, இன்னொரு பக்கம் வேர்டும் பத்துப் பதினைந்து டேப்பும் திறந்திருந்தால் திணறிவிடும். பிள்ளை மூன்று நான்கு ஆண்டு அதை வைத்துப் படிக்க வேண்டுமே. புது பேட்டரி, குறைந்த எடை, கடையின் வாரண்டி ஆகியவை நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே மெதுவாக இருக்கும் கணினியை வாரண்டி வேகமாக்காது.

ஆபீஸ் பழசுக்கு வருவோம். இங்கே முதலில் கேட்க வேண்டியது பிராசசர் எந்தத் தலைமுறை என்பதுதான். இண்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இண்டெல் பட்டியல் பொதுவாக 8ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசையும் அதற்குப் பிந்தியதும் சரி. இன்னொரு காரணமும் உண்டு. 7ஆம் தலைமுறை ஐ5-7200யூவில் இரண்டு கோர்தான் (கோர் என்பது பிராசசருக்குள் வேலை செய்யும் மையம்). அடுத்து வந்த ஐ5-8250யூவில் நான்கு. பெயரில் இரண்டும் 'ஐ5'தான், ஆனால் வேலையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். 'ஐ5 அண்ணே, நல்ல மால்' என்று விற்பவர் சொன்னால், கோட்டுக்குப் பின்னால் எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: 7200 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை; 10, 11 என்று தொடங்கினால் 10ஆம், 11ஆம் தலைமுறை.

2018இல் வந்த திங்க்பேட் டி480யை எடுத்துக்கொள்வோம். பின்மூடியைக் கழற்றினால் ராமுக்கு இரண்டு சொருகிடம், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்). பேட்டரியே இரண்டு: ஒன்று உள்ளே, இன்னொன்று பின்பக்கம் கழற்றி மாட்டும் வகை. வெளி பேட்டரி தேய்ந்தால் வேறு வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது திரை. இதே மாடல் 1366க்கு 768 திரையோடும் வந்திருக்கிறது; 1920க்கு 1080 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை ஏறிவிட்டதால், 16 ஜிபி போட்டே விற்கும் லேப்டாப்பைத் தேடுவது நல்லது. 8 ஜிபியில் வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது அவ்வளவு லாபமில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியது இதுதான். லேப்டாப்பை ஆன் செய்யும்போதே, திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம், வைத்துவிடுங்கள். அப்புறம், உங்கள் கைப்பேசியின் இணையத்தை இணைத்து, விண்டோஸை முதலிலிருந்து அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து, அந்த நிறுவனக் கணக்கில் நுழையச் சொன்னால், அந்த இயந்திரம் இன்னும் அவர்கள் பதிவில்தான் இருக்கிறது. விண்டோஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அந்தப் பூட்டு திரும்ப வரும். பதிவு இருப்பது மைக்ரோசாஃப்டின் சர்வரில், டிஸ்கில் இல்லை. கடைக்காரர் நேரமாகும் என்று சலித்துக்கொண்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். பிறகு பேட்டரி அறிக்கை எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிறைவதையும் ஒப்பிடுங்கள். கீபோர்டில் எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள், யூஎஸ்பி துளைகளில் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள், கீலை ஆட்டிப் பாருங்கள்.

மூடா, கேரோசல் போன்ற இணையச் சந்தைகளில் தனிநபர் இன்னும் மலிவாகத் தருவார். ஆனால் கடையில் ரசீதோடு வாங்கினால் ஒரு பிடிமானம் உண்டு: ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். அந்த மன்றம் வியாபாரிகளுக்கு எதிரான புகாரைத்தான் விசாரிக்கும். வீட்டில் கிடந்ததை விற்றவர்மேல் அங்கே போக முடியாது. நூறு வெள்ளி வித்தியாசம் என்றால் நான் கடைக்கே போவேன்.

பழைய மேக்புக் பற்றியும் கேட்பார்கள். இண்டெல் மேக் இனி வேண்டாம். 2025இல் வந்த டஹோதான் அவற்றுக்குக் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. 2020இல் வந்த எம்1 ஏர் இன்றும் அருமையான இயந்திரம், ஆனால் அதில் ராமையும் சேமிப்பிடத்தையும் கூட்ட முடியாது.

வீட்டில் கிடக்கும் 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், எஸ்எஸ்டி மாற்றுவது ஒன்றே போதும். திறக்க நிமிடக் கணக்கில் எடுத்தது நொடிகளில் திறக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், காசு எதுவும் இல்லை, பாதுகாப்புப் புதுப்பிப்பும் தொடர்ந்து வரும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. கல்லூரிப் பிள்ளைக்கு மட்டும் இதைக் கொடுக்கத் தயங்குவேன். சில பாடங்களின் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். தம்பி தங்கையின் வீட்டுப்பாடத்துக்கும், அம்மாவின் கணக்கு வழக்குக்கும், தாத்தா யூடியூப் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

ஒன்றே ஒன்று: டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, குத்தாமல் அழுத்தாமல் தெரிந்தவரிடம் கழற்றக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிட்டு, அந்த மாடலுக்கு வேறு பேட்டரி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.