ரேசருக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

என் தாடி சுருள் முடி. மழித்த இரண்டாம் நாள் அது நேராக எழும்பாமல் வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பும். கழுத்தெங்கும் சிவந்த பருக்கள் நிற்கும். கல்லூரிக் காலத்திலிருந்து இந்த வேதனையோடு வாழ்கிறேன். அதனால் ரேசர் எனக்கு ஒருபோதும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் செலவழித்தால் தோல் தப்பிக்குமோ என்ற ஆசையில் இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று விலை ஏற ஏற நானும் கூடவே ஏறினேன். பிறகு பழைய பாணி இருபுற பிளேடு ரேசருக்கு மாறினேன். அங்கேயும் சில நூறு ரூபாயில் தொடங்கிப் பதினையாயிரத்தைத் தாண்டிப் போகும் விலைகளைப் பார்த்துத் திகைத்து நின்றேன்.

விலை உயர்ந்த ரேசர் தகுமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. 500 ரூபாய் ரேசரையும் 15,000 ரூபாய் ரேசரையும் பக்கத்தில் வைத்தால் பிளேடைப் பிடிக்கும் தலையின் வடிவம், எடை, உலோகம், கைப்பிடி எல்லாமே வேறு. எது வித்தியாசத்தைக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? அதனால் உடன்பிறப்புகளைத் தேடினேன்: வடிவம் ஒன்று, விலை வேறு. அப்படிப்பட்ட ஜோடிகள் சந்தையில் இருக்கின்றன. சிலவற்றை வாங்கினேன், சிலவற்றை நண்பர்களிடம் இரவல் பெற்றேன். இருபுற ரேசர்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை பிளேடு, ஒரே சோப், குளித்து முடித்த பிறகே சவரம்.

முதல் ஜோடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1805இல் லண்டனில் தொடங்கிய ட்ரூஃபிட் அண்ட் ஹில், ஜெர்மனியின் ம்யூலே போன்ற பேர்பெற்ற நிறுவனங்கள் கொம்பு, கருங்காலி, ரெசின் ஆகியவற்றில் அழகான கைப்பிடிகள் செய்கின்றன. அவற்றின் முனையில் மாட்டுவது ஜில்லெட்டின் மாக்3 அல்லது ஃப்யூஷன் கார்ட்ரிட்ஜ், அதாவது பல பிளேடுகளை அடக்கிய மாற்றுத் தலை. தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக் கைப்பிடியோடு கிடைப்பதும் அதே கார்ட்ரிட்ஜ்தான். பிளேடின் கோணம், பிளேடுகளுக்கு இடையிலான தூரம், தோலை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் பட்டை என்று முகத்தைத் தொடும் அத்தனையும் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. கையில் நல்ல கனம் இருக்கும், மேசையில் வைத்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். தோலுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. சொகுசு ரேசர் என்று விற்கப்படுவதில் கணிசமான பங்கு இந்த வகை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் சம்பளத்தில் இதை வாங்கிவிட்டு ஏமாறும் இளைஞர்களை நினைத்து வருத்தமாகவும் இருக்கிறது.

இரண்டாவது ஜோடி ம்யூலே ஆர்89, இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த எட்வின் ஜாகரின் டிஇ89. இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஒரே தலைதான் இரண்டிலும் இருக்கிறது. கைப்பிடி மட்டும் வேறு. அதே தலையை விலை கூடிய கைப்பிடிகளிலும் பொருத்தி விற்கிறார்கள். சாதாரண குரோமியக் கைப்பிடியுள்ள ஆர்89 நம் ஊரில் சுமார் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தலை சாதுவானது, புதிதாகப் பழகுபவர் கையில் கொடுத்தாலும் பயமில்லை. அதற்கு மேல் கைப்பிடிக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதல் ஜோடியில் சொன்ன கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது ஜோடியில்தான் எனக்கு உண்மையான பதில் கிடைத்தது. கனடாவின் ராக்வெல் நிறுவனம் 6சி, 6எஸ் என்று இரண்டு ரேசர்கள் செய்கிறது. இரண்டிலும் பிளேடுக்குக் கீழே பொருத்தும் மூன்று அடித்தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டையும் திருப்பிப் போடலாம். ஆக ஆறு அளவுகள்: ஒன்றாம் எண் மிக மென்மை, ஆறாம் எண் ஒரு வாரத் தாடியையும் அள்ளிவிடும். வடிவமைப்பு ஒன்றே. 6சி, குரோமியம் பூசிய சாமக் உலோகக் கலவை. 6எஸ், துருப்பிடிக்காத எஃகு. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

இரண்டிலும் மூன்றாம் எண் தட்டைப் பொருத்தினேன். ஒரே பொதியிலிருந்து எடுத்த புது பிளேடுகள். கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி ஒன்றை எடுத்துக் கையில் கொடுக்க, இடக் கன்னம். மற்றதைக் கொடுக்க, வலக் கன்னம். பத்து நாள் இப்படிச் செய்து பார்த்தோம். எது எந்த ரேசர் என்று என் தோலால் சொல்ல முடியவில்லை. சரியாகச் சொன்ன இரண்டொரு நாளும் கைப்பிடியின் வழவழப்பை விரல் கண்டுகொண்டதால்தான்.

அப்படியானால் கூடுதல் பணம் வீணா? இல்லை. சாமக் என்பது துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம், தாமிரம் சேர்ந்த கலவை. பெயரே இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது. 400 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். அச்சில் அழுத்தி வார்த்தால் நுணுக்கமான வடிவமும் நொடிகளில் கிடைத்துவிடும். அதனால்தான் மலிவு. ஆனால் தண்ணீரிலிருந்து அதைக் காப்பது மேலே இருக்கும் குரோமியப் பூச்சு மட்டும்தான். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஈரம் உள்ளே இறங்கித் துத்தநாகத்தை அரிக்கத் தொடங்கும். முதலில் அரிப்பது பெரும்பாலும் தலையிலிருந்து கைப்பிடிக்குள் இறங்கும் திருகுத் தண்டைத்தான். தினமும் திருகுவதால் பூச்சு தேய்கிற இடமும் அதுதான், ஈரம் தங்குகிற இடமும் அதுதான். என் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். நான் முன்பு வைத்திருந்த ஒரு சாமக் ரேசரில் நான்காம் ஆண்டில் அந்தத் தண்டு முறிந்து, துண்டு கைப்பிடிக்குள் சிக்கிக்கொண்டது. மொத்த ரேசரும் குப்பைக்குப் போனது.

எஃகில் பூச்சே இல்லை, உரிவதற்கும் ஒன்றுமில்லை. 316எல் போன்ற எஃகு ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்புக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் எஃகு உருக 1,400 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். சாமக்கைப் போல எளிதாக அச்சில் அழுத்தி எடுக்க முடியாது. விலை உயர்ந்த எஃகு ரேசர்கள் பலவற்றைக் கட்டி உலோகத்திலிருந்து இயந்திரத்தால் கடைந்தெடுக்கிறார்கள். இயந்திர நேரமும், தேயும் வெட்டுக்கருவிகளும், மெருகேற்றும் கைவேலையும் விலையில் சேர்கின்றன. இது நியாயமான விலை. பூச்சு ரேசரை நன்றாகத் துடைத்து உலர்த்தி வைத்தால் பத்தாண்டு போகலாம். எஃகு ரேசரை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் நாம் வாங்குவது ஆயுளைத்தான். சவரத்தின் தரம் இரண்டிலும் அதேதான்.

சவரத்தின் தரத்துக்காகவே பணம் கொடுக்கும் இடம் ஒன்று உண்டா? உண்டு. இருபுற பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், காகிதம்போல வளையும். ரேசரின் தலை அதை விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாக இறுக்கிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே அது முடியில் படும்போது அதிர்வதும் அதிராததும். அந்த அதிர்வுதான் கழுத்தில் எரிச்சல். விமான, விண்வெளிப் பாகங்கள் செய்த அனுபவத்தோடு வந்த கனடாவின் ஹென்சன் நிறுவனம் தன் ஏஎல்13 ரேசரில் பிளேடு வெளியே நீளும் அளவைச் சுமார் 0.03 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. எடை 37 கிராம்தான். கையில் எடுத்தால் பொம்மைபோல இருக்கும். ஆனால் என் கழுத்தில், முடி சுழித்து வளரும் அந்த இரண்டு அங்குல இடத்தில், இதைவிட அமைதியாகப் போன ரேசர் வேறில்லை. இதே நிறுவனம் டைட்டானியத்தில் டிஐ22 என்ற ரேசரையும் விற்கிறது. (13 அலுமினியத்தின் அணு எண், 22 டைட்டானியத்துடையது.) விலை மூன்று மடங்குக்கும் மேல். அலுமினிய ரேசரே துத்தநாகம்போல அரித்துப் போவதில்லை என்பதால், எஃகுக்காக நான் சொன்ன வாதம் இங்கே டைட்டானியத்துக்குப் பொருந்தாது. கனம் பிடித்தவர்கள் வாங்கலாம். நான் வாங்க மாட்டேன்.

ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 எஃகு ரேசரையும் இதே காரணத்துக்காக மதிக்கிறேன். நுட்பமான வேலைப்பாடு, மிகச் சாதுவான தலை. ஆனால் தடித்த தாடிக்கு அது இரண்டு மூன்று முறை போகச் சொல்லும். விலை கூடினால் எல்லாத் தாடிக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் இதை முதலில் இரவல் வாங்கிப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு விலையுள்ள ரேசரானாலும் முடியை வெட்டுவது அதற்குள் இருக்கும் சில ரூபாய் பிளேடுதான். அந்த பிளேடு மழுங்குவதை ரேசரால் தடுக்க முடியாது. எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி எஃகை மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். விளிம்பு மெல்லத் தேய்வதைவிட நுண்ணிய சில்லுகளாக உடைகிறது. எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில், முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து அழுத்தும்போது விரிசல் விழுகிறது. தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகிவிடும் என்பதால், வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைத்து வைப்பது பல ஆயிரம் ரூபாய் ரேசரைவிட அதிகப் பலன் தரும். என் அனுபவத்தில் இதற்கு நிகரான மலிவு மருந்து இல்லை.

இனி பணக் கணக்கு. வாரம் நான்கு முறை சவரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 208. ஒரு இருபுற பிளேடு எனக்கு ஐந்து சவரம் தாங்கும். ஆண்டுக்கு 42 பிளேடு. பிளேடுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 420 ரூபாய். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்று எனக்குப் பன்னிரண்டு சவரம் வரும், ஆண்டுக்குப் பதினேழு. ஒன்று 200 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 3,400. வித்தியாசம் ஏறத்தாழ 3,000 ரூபாய். ஆகவே 4,000 ரூபாய் ரேசர் ஒன்றரை ஆண்டுக்குள் தன் விலையை மீட்டுவிடும். 15,000 ரூபாய் எஃகு ரேசருக்கு ஐந்து ஆண்டு ஆகும்.

என்னைப்போலச் சுருள் தாடிக்காரர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்க, அடுத்தது அது உள்ளே போகும் முன் வெட்டுகிறது. வெட்டிய நுனி தோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நேர்முடிக்காரருக்கு அது வழவழப்பு. சுருள்முடிக்கு அங்கேதான் பரு தொடங்குகிறது. நான் இத்தனை ஆண்டு அதிகம் கொடுத்து வாங்கியது என் நோயைத்தான்.

இந்த ஒப்பீட்டில் மலிவுப் பக்கத்திலிருந்து ஒன்றுக்கு மரியாதை செய்தாக வேண்டும். ஜில்லெட் முன்பு இந்தியாவுக்கென்று செய்த ஒரு ரேசரை அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்களிடம் சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்தது. அங்கே குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசுபவர்களுக்கு முடி அடைத்துக்கொண்டது. பிறகு நம் வீடுகளுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து சிறு கண்ணாடியைப் பார்த்து மழிப்பவர்களைக் கவனித்து 2010இல் ‘கார்டு’ (Guard) என்ற ரேசரைக் கொண்டுவந்தார்கள். ஒற்றை பிளேடு, எளிதில் அலசலாம், ஆணியில் மாட்டக் கைப்பிடியில் துளை. அறிமுக விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். பயன்படுத்துபவரை இவ்வளவு கவனித்துச் செய்த பொருளை ஆடம்பரக் கடைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. தோல் தொல்லை இல்லாதவர், இதுவே போதும் என்று நினைப்பவர், வேறெதற்கும் மாறத் தேவையில்லை.

ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் ஜில்லெட் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1903இல் அவருடைய ரேசர் ஐந்து டாலருக்கு விற்றது. அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். 1921இல் காப்புரிமை முடியும் வரை அவர் விலையைக் கீழே இறக்கவில்லை. இன்று நாம் பழைய பாணி, எளிமை என்று போற்றும் இந்த ரேசர் பிறந்தபோது ஆடம்பரப் பொருள்தான். இரிடியம் கைப்பிடியும் நீலக்கல் பிளேடும் வைத்து ஒரு லட்சம் டாலர் விலை போட்ட ஸஃபிரோ ரேசரும் உண்டு. அது நகைக்கடைச் சரக்கு. இங்கே ஒப்பிட எதுவும் இல்லை.

இப்போது என் குளியலறையில் இரண்டுதான் இருக்கின்றன. கன்னத்துக்கு 6எஸ், மூன்றாம் எண் தட்டு. கழுத்து எரியும் வாரங்களில் ஏஎல்13. 6சியை எட்டு மாதமாகத் தம்பி பயன்படுத்துகிறான். சவரம் முடிந்ததும் கழற்றி, துடைத்து, உலர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா மகனுக்கு மீசை அரும்புகிறது. அவனுக்கு ஆர்89 ஒன்று, மூன்று வகை பிளேடு பொதிகள், ஒரு பிரஷ், ஒரு படிகாரக் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அவன் தாடி நேரா சுருளா என்று தெரிந்த பிறகு எஃகைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.