‘ஆடியோ ஐசி போச்சு’ என்று 5,487 ரூபாய்: தர்மபுரியில் பழைய டெஸ்க்டாப்பை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க

தர்மபுரி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை கையால் எழுதிக் கொடுத்த பில் இது. கடைப் பெயரைப் போடவில்லை. இதே பில்லை இன்னொரு கடையும் போடும் என்பதால் பெயரைவிட பில்லைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஆடியோ ஐசி (போர்டில் சத்தத்தைக் கவனிக்கும் சில்லு) மாற்றியது 2,800. டிரைவர் போட்டது 600. விண்டோஸ் போட்டது 700. சர்வீஸ் சார்ஜ் 550. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 837. மொத்தம் 5,487 ரூபாய். மெஷின் ஜி41 சிப்செட் என்ற பழைய ரக மதர்போர்டு, டூயல் கோர், இரண்டு 2 ஜிபி ரேம். அந்த செட்டை முழுசாக விற்றாலும் இன்று இந்தப் பணம் வருமா என்பது சந்தேகம்.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு வீட்டு மெஷின். டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோக்களை ஹெட்போனில் கேட்பதற்காக வைத்திருந்தது. கோளாறு என்னவென்றால், சினிமாப் பாட்டு போட்டால் பின்னணி இசை கேட்கிறது, பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது. வகுப்பு வீடியோ போட்டால் ஆசிரியர் வாய் மட்டும் அசைகிறது, சத்தமே இல்லை. ஹெட்போன் பின்னை, அது குத்தும் ஓட்டையான ஜாக்கில் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். கடையில் சொன்ன பதில்: “ஐசி பாதி போயிடுச்சுங்கண்ணா. மீதியும் எப்ப வேணா போகும்.”

ஐசி பாதி போனால் இப்படி நடக்காது. இது கிரவுண்ட் விட்டுப்போன ஜாக்கின் அடையாளம், பாடப்புத்தகத்தில் போடலாம். 3.5 எம்எம் பின்னில் நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அந்தக் கிரவுண்ட் தொடர்பு அறுந்தால், ஹெட்போனின் இரண்டு காதும் இடதுக்கும் வலதுக்கும் நடுவே தொடராக நின்றுவிடும். அப்போது இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகர் குரலை இரண்டு சேனலிலும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்வார்கள், அதனால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும். வகுப்பு வீடியோ பெரும்பாலும் மோனோ, கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ‘இசை வருது, குரல் வரலை’ என்று வாடிக்கையாளர் சொன்ன அந்த நொடியே கடைக்காரருக்கு இது ஜாக் அல்லது ஹெட்போன் ஒயர் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது நாங்கள் கேபினெட்டைத் திறந்ததும் புரிந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து கடையில் இருந்து மெஷின் திரும்பி வந்தபோது பின்னால் யூஎஸ்பி போர்ட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன டப்பா. “புது ஐசிக்கு அவுட்புட் இதுலதான் வரும், இனிமே இங்க குத்துங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது யூஎஸ்பி சவுண்ட் கார்டு. சாதாரண ரகம் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்குள்ளும் ஒரு ஐசி இருக்கிறது, பில்லில் உண்மை அவ்வளவுதான்.

போர்டில் இருக்கும் அசல் ஆடியோ ஐசி, பின்பக்க ஜாக்குகளுக்கு அருகில் நாலு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 48 கால் வைத்த சதுரச் சில்லு. இந்த மெஷினில் ரியல்டெக் ஏஎல்சி662. அதைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த செம்மண் தூசு கால்களுக்கு நடுவே அப்படியே பஞ்சுபோல் இருந்தது. 48 கால் ஐசியைப் பொதுவாக ஹாட் ஏர் (சூடான காற்று) அடித்துத்தான் எடுப்பார்கள். அடித்தால் தூசு பறந்துவிடும், சால்டர் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸின் கறை மஞ்சளாக நிற்கும், பக்கத்துச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் நகரலாம். அங்கே ஒன்றும் நகரவில்லை. உங்கள் போர்டில் ‘ஐசி மாத்தினோம்’ என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள், அரை நிமிடம் போதும்.

மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸ் செட்டிங்கில், போர்டிலேயே இருக்கும் ஆடியோவை டிஸேபிள் செய்து வைத்திருந்தார்கள். அதனால் டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் என்ற பெயரே வராது, ‘பாருங்க, பழசு செத்துடுச்சு’ என்று காட்டலாம். எனேபிள் செய்ததும் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஹை டெஃபினிஷன் ஆடியோ டிரைவரைத் தானே போட்டுக்கொண்டது. 600 ரூபாய் வேலை அதுதான். விண்டோஸுக்கு வாங்கிய 700-க்குக் கிடைத்தது லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர், அணைத்து வைத்த ஆன்டிவைரஸ், ஃபார்மட் அடித்த சி டிரைவ். ஜாக் கோளாறுக்கு விண்டோஸ் ஏன் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு ரேமில் ஒன்றைக் காணோம்.

உண்மையான கோளாறு: ஹெட்போன் குத்தும் பச்சை ஜாக்கின் கிரவுண்ட் கால் போர்டில் சால்டர் ஆன இடத்தில் வட்டமாக முடி அளவு விரிசல். மேசைக்கு அடியில் கேபினெட், ஒயரைப் பிடித்து இழுத்தே ஹெட்போனைக் கழற்றும் பழக்கம், இப்படி இருந்தால் அங்கேதான் விடும். போர்டைக் கழற்றித் திருப்பி, பழைய சால்டரை விக்கால் (செம்புப் பின்னல்) உறிஞ்சி, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 ஈயம் வைத்து மறுபடி பற்றவைத்தால் முடிந்தது. ஒரு விஷயம் கவனம்: கிரவுண்ட் கால் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்னில் மேலே உருகியதுபோல் தெரியும், உள்ளே பிடிக்காது, மாதம் திரும்புவதற்குள் மறுபடி விடும். 50, 60 வாட் வேண்டும், மூன்று நான்கு விநாடியில் கையை எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

இனி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை. முதலில் ஹெட்போனை செல்போனில் குத்திப் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒயர் அறுந்த ஹெட்போனோடு டெஸ்க்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. செல்போனில் ஹெட்போன் ஜாக் இல்லை என்றால் பழைய எஃப்எம் ரேடியோ, டிவி எதுவானாலும் சரி.

சவுண்ட் செட்டிங்கில் பிளேபேக் பட்டியலைத் திறந்து, எது டீஃபால்ட் என்று பாருங்கள். புது மானிட்டரை எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டிய அன்றிலிருந்து சத்தம் இல்லை என்றால், சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம். ரியல்டெக் ஸ்பீக்கரை டீஃபால்ட் ஆக்கினால் சரி. டிவைஸ் மேனேஜரிலும் கவனம் தேவை. என்விடியா ஹை டெஃபினிஷன் ஆடியோ, இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ என்று இருப்பதெல்லாம் எச்டிஎம்ஐக்கானவை. பச்சை ஜாக்குக்கு உரியது ரியல்டெக், அல்லது சில போர்டுகளில் வியா. விண்டோஸின் சொந்த டிரைவர் ஓடினால் வெறும் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்று வரும்.

பின்னால் மூன்று ஓட்டை இருந்தால் பச்சை சத்தம் வெளியே, இளஞ்சிவப்பு மைக், நீலம் லைன் இன். செல்போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்புக் கோடு இருந்தால் அது மைக்கும் சேர்ந்த நாலு தொடர்பு பின். பச்சையில் குத்தினால் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒரு ஹெட்செட்டை மைக், ஹெட்போன் என இரண்டாகப் பிரிக்கும் ஒய் கனெக்டர் வாங்கினால் தீர்ந்தது. இதற்கும் ‘மைக் ஐசி’ என்று பில் போடுகிறவர்கள் உண்டு.

முன்பக்க ஜாக்தான் பெரிய குழப்பம். கேபினெட்டின் முன்பக்கத்தில் இருந்து வரும் ஒயர் போர்டில் எஃப் ஆடியோ என்றோ அதுபோலவோ அச்சிட்ட இடத்தில் ஏறும். இரண்டு வரிசை, ஐந்து ஐந்தாக. எட்டாவது பின் மட்டும் இருக்காது, தலைகீழாக மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. பழைய கேபினெட்டுகளில் அந்த ஒயரின் நுனியில் இரண்டு சாக்கெட் தொங்கும், ஒன்றில் எச்டி ஆடியோ (புது முறை), இன்னொன்றில் ஏசி97 (பழைய முறை) என்று எழுதியிருக்கும். ஒன்றைத்தான் மாட்ட வேண்டும். 2004-க்குப் பின் வந்த எச்டி ஆடியோ போர்டில் ஏசி97 சாக்கெட்டை மாட்டினால் சத்தம் வரலாம், ஆனால் ஜாக் குத்தியதை போர்டு உணராது. அப்போது பயாஸில் ஃப்ரன்ட் பேனல் டைப்பை ஏசி97 என்று மாற்றுங்கள், அல்லது ரியல்டெக் மேனேஜரில் முன்பக்க ஜாக் கண்டறிவதை நிறுத்தும் டிக்கைப் போடுங்கள்.

அதைவிடப் பழைய, அசல் ஏசி97 போர்டு என்றால் வேறு கதை. அதில் பச்சை ஜாக்குக்குப் போகிற சத்தமே முன்பக்கம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். முன்பக்க ஒயர் மாட்டாத போர்டுகளில் 5-ம் பின்னையும் 6-ம் பின்னையும் ஒரு ஜம்பர் (சின்ன இணைப்புத் தொப்பி), 9-ஐயும் 10-ஐயும் இன்னொரு ஜம்பர் இணைத்திருக்கும். கேபினெட் மாற்றும்போது அந்த இரண்டு குட்டி ஜம்பரும் குப்பைக்குப் போய்விடும், பின்பக்கம் ஊமையாகிவிடும். இரண்டு ஜம்பர், பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தே பிடுங்கிப் போடலாம்.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்றால் ஜாக்குக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போர்டு இன்னும் ஹெட்போன் இருப்பதாக நினைக்கிறது. கிரானைட் பட்டறை பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி, பர்கூர் மெஷின்களில் வெள்ளை மாவு உள்ளே கட்டிப்போய் இது அதிகம் வரும். மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, எலெக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனரை அரை விநாடி அடித்து, ஒரு ஹெட்போன் பின்னை இருபது முறை உள்ளே வெளியே விட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெய், பூட்டுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம், தூசு இன்னும் கெட்டியாக ஒட்டும்.

கடையில் மல்டிமீட்டரை வைத்து ‘ஜாக்கில இருந்து ஐசி வரைக்கும் பீப் வரலை பாருங்க’ என்று காட்டினால் நம்பாதீர்கள். நடுவில் டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருக்கும், பெரும்பாலும் 100 மைக்ரோஃபாரட். நல்ல போர்டிலும் நிலையான பீப் வராது. பீப் வர வேண்டியது கிரவுண்ட் காலுக்கும் போர்டு கிரவுண்டுக்கும் நடுவில் மட்டும்.

ஐசி நிஜமாகவே போவதும் உண்டு, இடி மழை நேரத்தில் பார்த்திருக்கிறோம். அப்போது பயாஸில் ஆடியோ எனேபிள் ஆகியிருந்தும் டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக்கோ ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸோ வராது, முன், பின், மைக் எல்லாமே செத்திருக்கும். பெயர் வருகிறது, ஆனால் எந்த ஜாக்கிலும் சத்தம் இல்லை என்றால் ஐசிக்கு 5 வோல்ட் கொடுக்கும் குட்டி ரெகுலேட்டரை முதலில் அளக்கச் சொல்லுங்கள். பல பழைய போர்டுகளில் அது 78எல்05, சில ரூபாய் சாமான். ஐசியே போயிருந்தாலும் இந்த வயசு போர்டுக்கு ஐசி மாற்றுவது வீண். யூஎஸ்பி சவுண்ட் கார்டே சரியான வழி, அதன் விலைக்கு அதன் பெயரிலேயே பில் போட்டால்.

பில்லுக்கு வருவோம். ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண் இல்லை. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும் 15 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லோடு, ஐசியின் போட்டோவோடு, கொடுத்த அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேபினெட் படத்தோடு திரும்பிப் போனபோது முதலில் கடைக்காரர் குரல் உயர்ந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கேயே நின்று போன் போட்டதும் இறங்கியது. ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ரேம் ‘பையன் மாத்தி வச்சுட்டான்’ என்று மேசை டிராயரில் இருந்து வந்தது. 2,800-ம் 837-ம் திரும்பியது. மீதியைக் கொடுக்கவில்லை.

சி டிரைவில் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த குரூப் 4 குறிப்புகள் திரும்பவில்லை, அதன்மேல் புது விண்டோஸ் ஏறிவிட்டது. அதனால் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு ஒயர், நாலு ஸ்குரு. ஜாக்கைப் பார்க்க உங்கள் டிஸ்க் தேவையில்லை, வேலை தெரிந்த கடையில் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ் இருக்கும், அதில் பூட் செய்து பச்சை ஜாக்கில் பாட்டு வருகிறதா என்று உங்கள் கண்முன்னாலேயே பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பென்டிரைவ் இல்லை, டிஸ்க் இருந்தால்தான் பார்ப்போம் என்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.