குமுளி ஏற்றத்துக்கு ஏற்ற கியர்: 20, 26, 700சி சக்கரங்களில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கம்பத்தில் சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஒரே காலைப் பொழுதில் இரண்டு விதமான சாலைகள் வாய்க்கின்றன. கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை வயலும் திராட்சைத் தோட்டமுமாக ஏறக்குறையச் சமதளம். அதற்கு மேல் கேரள எல்லையான குமுளி வரை மலைப்பாதை. இவ்வழியில் 20 அங்குல மடிப்பு சைக்கிள், 26 அங்குல மலைச் சைக்கிள், 700சி என்ற அளவுள்ள பெரிய சக்கரம் கொண்ட ஹைபிரிட் (சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகை) ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாக மாறி மாறி ஓட்டி வருகிறேன். பற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கியர் வாங்குவது ஏன் பயன்படாது என்பதை இந்த மூன்றையும் வைத்து விளக்கலாம்.

ஒரு வண்டியின் கியரை இன்னொரு வண்டியோடு ஒப்பிட வேண்டுமானால், மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். மிதியோடு சுற்றும் முன் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை (முன்பல்) பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் (பின்பல்) வகுத்து, வரும் எண்ணைச் சக்கரச் சுற்றளவால் பெருக்கினால் அந்தத் தூரம், அதாவது நகர்வு, கிடைக்கும். சுற்றளவை டயரில் எழுதியிருக்கும் அங்குலத்திலிருந்து எடுக்கக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559 மில்லிமீட்டர் ரிம்மும் விற்கிறது, 590 மில்லிமீட்டர் ரிம்மும் விற்கிறது. வால்வு தரையை நோக்கி இருக்கும்போது அந்த இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தபடியே ஒரு சுற்று உருட்டி, மீண்டும் கோடிட்டு அளப்பதே நம்பகமானது. ஆள் ஏறினால் டயர் சற்று அமுங்குவதால் வெறும் வண்டியை உருட்டி எடுத்த அளவைவிட இது குறைவாக வரும். இவ்வாறு அளந்ததில் 20 அங்குலச் சக்கரம் 1.53 மீட்டர், 26 அங்குலம் 2.07 மீட்டர், 32 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி 2.15 மீட்டர் என்று கிடைத்தன.

என் மலைச் சைக்கிளில் முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் சேர்ந்தது மிக இலகுவான கியர். அதன் நகர்வு 1.77 மீட்டர். ஹைபிரிட்டில் முன் 28, பின் 34. அதன் நகர்வும் அதே 1.77 மீட்டர்தான். ஆனால் மடிப்பு சைக்கிள் 52க்கு 28 என்ற அமைப்போடு வந்தது. அந்த எண்ணைப் பார்ப்பவர் மலையில் அதை அசைக்கவே முடியாது என்று நினைப்பார். சக்கரம் சிறியதாக இருப்பதால் நகர்வு 2.84 மீட்டரில் நின்றுவிடுகிறது. இதே பற்களை 700சி சக்கரத்தில் பூட்டினால் அது 4 மீட்டராகிவிடும்.

அந்த 2.84 மீட்டரே குமுளி ஏற்றத்துக்கு அதிகம் என்பதை உடல் ஆற்றலின் கணக்கு காட்டும். ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை, 7 சதவீத ஏற்றம், மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 113 வாட் தேவை. டயர் உராய்வையும் சேர்த்தால் 120ஐத் தாண்டும். பந்தயப் பயிற்சி இல்லாத நடுவயதினர் ஒருவர் மூச்சு முட்டாமல் நீண்ட நேரம் தரக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே ஏற்றத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது கால். கியரால் அந்த வேகத்தைக் கூட்ட முடியாது, எத்தனை சுற்றில் அதை எட்டுகிறோம் என்பதை மட்டுமே மாற்ற முடியும். மணிக்கு 6.5 கிலோமீட்டரில் 2.84 மீட்டர் கியர் நிமிடத்துக்கு 38 சுற்றாக முழங்காலை நசுக்குகிறது, 1.77 மீட்டர் கியரில் அதே வேகம் 61 சுற்றாகிறது. கியர் தேர்வை இந்த அடிமட்டத்திலிருந்து, அதாவது மிக இலகுவான கியரான கீழ் முனையிலிருந்து, தொடங்கி மேலே போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கடைக்காரர்கள் பெரும்பாலும் மிகக் கடினமான கியரான மேல் முனையைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

அந்த மேல் முனையால் இங்கே பெரிய பயன் இல்லை. ஹைபிரிட்டில் 48க்கு 11 என்பது 9.4 மீட்டர் நகர்வு. நிமிடத்துக்கு 80 சுற்றில் அது மணிக்கு 45 கிலோமீட்டர். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் வளைவுக்கு வளைவு எதிர்ப்படும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடிதான் வருகிறோம். மிதிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆடிக் காற்று முகத்தில் அறையும் மாதங்களிலோ சமதளத்தில்கூட நடுக்கியருக்கு மேல் போக முடியாது. பின் பற்சக்கரங்களின் அடுக்கான என் கேசட்டில் 11 பல் இன்னும் புதிதாகவே பளபளக்கிறது.

மடிப்பு சைக்கிளுக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. முன்னால் ஒரே பற்சக்கரம். பின்னால் மரையில் திருகி ஏற்றும் 7 வேகப் பிரீவீல், அதாவது ஏழு பற்சக்கரங்களின் அடுக்கு. அந்த வகையில் 14–28, 14–34 என்ற இரண்டும் எளிதாகக் கிடைக்கின்றன. 14, 16, 18, 20, 22, 24 வரை இரண்டுக்கும் ஒரே படிகள்; கடைசிப் பல் மட்டும் ஒன்றில் 28, மற்றதில் 34. முன்பல்லை 44 ஆகக் குறைத்து 14–34ஐப் போட்டதும் கீழ் முனை 1.98 மீட்டராக இறங்கியது. மேல் முனை 4.8 மீட்டர், அதாவது 80 சுற்றில் மணிக்கு 23 கிலோமீட்டர். சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் அது தாராளம். 40 பல் போட்டால் ஏற்றம் இன்னும் இலகுவாகும், ஆனால் சமதளத்தில் கால் வீணாகச் சுழலும் என்பதால் 44லேயே நிறுத்திக்கொண்டேன். முன்னும் பின்னும் சேர்ந்த பெரிய பற்களின் கூட்டுத்தொகை 80லிருந்து 78 ஆனதால் செயினின் நீளத்தை மாற்றத் தேவைப்படவில்லை. பின்புறக் கியர் மாற்றியைத்தான் 34 பல்லைத் தாங்கும் நீண்ட கை கொண்டதாக மாற்ற வேண்டியிருந்தது. சிறிய சக்கரத்தில் அந்தக் கை தரைக்கு மிக அருகில் தொங்குவதால் மழைக்காலத்தில் சேற்றை அள்ளிக்கொள்கிறது. அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுவதைத் தவிர அதற்கு மாற்று கிடையாது.

அதே 14–34 பிரீவீலை 26 அங்குல வண்டியிலும் சில காலம் பயன்படுத்தினேன். கீழ் முனை 1.46 மீட்டராகி, முதுகில் பையோடு ஏறும்போது சுகமாகவே இருந்தது. ஆனால் 34லிருந்து 24க்குத் தாவும் இடைவெளி முரட்டுத்தனமானது: ஏற்றம் சற்றுத் தணியும் வளைவில் கியரை மாற்றினால் 80 சுற்றாக இருந்த கால் ஒரே தட்டில் 56க்கு விழுகிறது. முன்னால் மூன்று பற்சக்கரம் உள்ள வண்டியில், சுமை ஏற்றாதவருக்கு 14–28 போதும் என்பேன். டயரை மெலிதாக்கினாலும் கியர் சற்று இலகுவாகும், 2.1 அங்குல டயருக்குப் பதில் 1.5 அங்குலம் போட்டால் சுமார் 4 சதவீதம் குறையும்.

இப்போது பலர் வாங்கும் 29 அங்குலச் சக்கரம் 700சி ரிம்மையே கொண்டது, 2.2 அங்குல டயரோடு சுற்றளவு 2.3 மீட்டர். 26 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதே பற்கள் 11 சதவீதம் கடினமாகிவிடும். முன்னால் 32, பின்னால் 36 உள்ள 29 அங்குல வண்டியில் கீழ் முனை 2.04 மீட்டர். குமுளிக்கு அதைக் கொண்டு ஏற நினைப்பவர் பின்னால் 42 பல் கேசட்டைத் தேடினால், பெரும்பாலும் கியர் மாற்றியையும் செயினையும் சேர்த்தே வாங்க நேரிடும். மிதிகளைத் தாங்கும் கிராங்க் இடம்கொடுத்தால் முன்னால் 28 பல் போட்டுக்கொள்வது செலவு குறைந்த வழி, 1.79 மீட்டருக்கு இறங்கிவிடும்.