தாபரிப்புப் பணத்தைக் கூட்டக் கேட்டால்: ஒப்புக்கொள்வதா, எதிர்ப்பதா, பேசி முடிப்பதா?

2024 செப்டம்பரில் இலங்கையின் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ரூபாயானது. இப்படி ஓர் உயர்வு வந்ததும், பிரிந்து வாழும் தகப்பனுக்கு நீதிமன்ற அழைப்பாணை வருவது மலையகத்தில் புதிதல்ல: சம்பளம் கூடிவிட்டது, பிள்ளைக்குக் கொடுக்கும் தாபரிப்பையும் (பராமரிப்புப் பணத்தையும்) கூட்ட வேண்டும். கேட்பதில் தவறே இல்லை. அரிசியும் கொப்பியும் தாய் இருக்கும் லயத்தில்தான் (தோட்ட வரிசை வீட்டில்தான்) விலை ஏறி நிற்கின்றன. ஆனால் கொடுக்க வேண்டியவரின் கையில் உண்மையில் என்ன வருகிறது?

2024இன் அந்த உயர்வில், முழுப்பேர் (முழு நாள் வேலையாகப் பதியும் வரவு) விழுந்த நாளுக்குத்தான் 1,350 கிடைத்தது. சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். வேலை இல்லாத நாளுக்கு ஒன்றுமில்லை. மாதத்தில் 18 முழுப்பேர் என்று வைத்துக்கொள்வோம்: 24,300 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,944 ரூபாய் போனால் 22,356. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கடைக் கடன் எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்த நிலையில் மாதம் 15,000 கேட்டால் என்ன செய்வது?

பலர் முதலில் செய்வது தலையாட்டுவது. நீதவான் முன்னால் நிற்கும் பயத்தில் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். வழக்கு சிங்களத்தில் நடந்து, என்ன தொகைக்குச் சம்மதித்தோம் என்பதே புரியாமல் கையெழுத்து வைப்பவர்களும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். தலையாட்டிவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் நிம்மதியாக வீடு திரும்பலாம். ஆனால் மூன்றாம் மாதமே நிலுவை விழும், அடகுக் கடைக்கோ வட்டிக்காரரிடமோ போக வேண்டிவரும். கடன் வாங்கிக் கட்டும் தாபரிப்பு நீடிக்காது. அது நின்றுபோகும் மாதத்தில் பசிப்பது பிள்ளைக்கு.

பணத்தை நிறுத்திவிட்டுக் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விடுவது இன்னொரு வழி. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், கட்டத் தவறினால் பிடியாணையும் சிறையும் வரலாம். உள்ளே போனால் அந்த நாட்களின் பேரும் போய்விடும். பிள்ளைக்கும் ஒரு சதம் வராது.

மிஞ்சுவது இரண்டு: எதிர்த்து நிற்பது, பேசி முடிப்பது.

எதிர்ப்பவருக்குக் காகிதம்தான் பலம். "முடியாது ஐயா" என்ற சொல்லை நீதிமன்றம் தினமும் கேட்கிறது. ஆறு மாதச் சம்பளச் சீட்டை வரிசையாக வைத்தால், எந்த மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தம் என்பதை அதுவே சொல்லும். சீட்டு தொலைந்திருந்தால் தோட்ட அலுவலகத்தில் கடிதம் கேளுங்கள். நோயாளித் தாய், இரண்டாம் குடும்பத்துப் பிள்ளைகள் என்று சுமை இருந்தால் அதற்கும் அத்தாட்சி வேண்டும். கட்டளை ஏற்கெனவே வந்துவிட்டாலும், நிலைமை மாறியதைக் காட்டித் தொகையை மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுப்போடலாம். ஆனால் மாற்றும்வரை பழைய கட்டளைதான் செல்லும், முடிந்ததையாவது கட்டிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இந்த வழியின் குறை தவணைகள், அதாவது வழக்குக்குப் போக வேண்டிய நாட்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு. மஸ்கெலியாவின் மேல் தோட்டமொன்றிலிருந்து ஹட்டனுக்கு வந்து போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தாய்க்கும் அதே இழப்பு. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு என்றால் செலவும் காலமும் இன்னும் கூடும். தீர்ப்பில் பெரிய பிழை இருந்தாலன்றி நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன்.

அதனால் என் கை சாய்வது பேசி முடிப்பதன் பக்கம், அதுவும் சம்பளச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு. சண்டை புருஷன் பெண்டாட்டிக்குள். பிள்ளையின் சப்பாத்து அளவு இருவருக்கும் ஒன்றுதான். மாதம் 15,000 முடியாதவரால் 8,000 முடியலாம். அதோடு ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பி, சப்பாத்துச் செலவு தனியாக. கொழுந்து கொட்டும் மாதங்களில் கொஞ்சம் கூட, வறட்சியில் அடிப்படைத் தொகை மட்டும். இப்படி ஏற்றத்தாழ்வோடு பேசினால் எத்தனையோ தாய்மார் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பேர் கணக்கு தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை: கோயில் வாசலிலோ தலைவர் வீட்டிலோ பேசியதை அங்கேயே விட்டுவிடக் கூடாது. அடுத்த தவணையில் இருவரும் சேர்ந்து போய், இணங்கிய தொகையையும், எந்த மாதம் எவ்வளவு என்பதையும், எந்தக் கணக்கில் போடுவது என்பதையும் நீதவானிடம் சொல்லிக் கட்டளையாகவே பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் நீங்கள் வாங்கிக்கொடுத்த சப்பாத்து கணக்கில் வராது, பழைய தொகையின் நிலுவைதான் உங்கள் பேரில் நிற்கும்.